தேவாண்ணன் கட்டிக்கொண்ட வலது கால்

பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அப்பாவின் மோவாய் என் உச்சந்தலையில் வந்து இடிக்கும். அரைகுறையாகச் சவரம் செய்த மோவாய். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் அது சொரசொரவென்று உரசும்போது நான் "ஐயோ அப்பா" என்று கத்துவேன், அவர் சிரிப்பார். சாந்தோம் நெடுஞ்சாலையின் உப்புக்காற்றில், ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு, இரண்டு கண்ணாடிக் கம்பிகளையும் நான்தான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பில் இறுகப் பிடித்தபடி பள்ளிக்குப் போன அந்த நாட்களில், உலகத்தில் எனக்கு இருந்த ஒரே குறை அந்த மோவாய்தான்.

அப்பாவுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. அதனால் எங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரங்கள். காலால் மிதிக்க வேண்டிய பின்பிரேக்குக்கு இன்னொரு கேபிள் இழுத்து, வலது கைப்பிடிக்கு அடியில் ஒரு பிடி வைத்திருந்தார்கள். மிதிகட்டையையும் கழற்றவில்லை. அது மற்றவர்கள் வண்டியை நகர்த்துவதற்கு, அப்பாவுக்குக் கைப்பிடிதான். அந்த வண்டி வருவதற்குமுன் அவர் எங்கே போவதென்றாலும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்ததாம். வந்தபின், மீன் வாங்கக்கூட அம்மாவை அனுப்பாமல் தானே கிளம்பிவிடுவார்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் தேவாண்ணன். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் படகு எஞ்சினில் கைவைத்துத் தொழில் பழகி, மந்தைவெளியில் ரயில் மேம்பாலத்தின் நிழலில் ஒரு 'ஷெட்' போட்டிருந்தார். எந்த வண்டியானாலும் தானே ஒரு சுற்று 'ட்ரையல்' போய் வராமல் கொடுக்கமாட்டார். அவசரப்படுகிறவர்களிடம், "கடல்ல எஞ்சின் நின்னா எறங்கித் தள்ள முடியாது நைனா, செத்த குந்து" என்பார்.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். சர்வீஸ் முடித்துத் தேவாண்ணன் கொண்டுவந்து விட்ட வண்டியில் மறுநாள் காலை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தெருமுனையில் திரும்பும்போது வழக்கம்போல மோவாய் வந்து இடிக்கும் என்று தலையைக் குனிந்தேன். இடிக்கவில்லை. அப்பாவின் விரல்கள் அந்தப் பிடியை முழுக்க மடக்கியிருந்ததைப் பார்த்தேன். வண்டி நிற்காமல் நேராகப் போய்க் கரும்பு ஜூஸ் வண்டியில் மோதியது. அப்பாவுக்குச் சிராய்ப்புதான். எனக்கு முகவாய்க்குக் கீழே கிழிந்து தையல் போட்டார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் உறவினர்கள் கூடிவிட்டார்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் மேலாளர். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் மேலாளர்தான். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்கு மாப்ள வண்டி? அதுவும் குழந்தையை வேற ஏத்திக்கிட்டு. முதல்ல அதை வித்துத் தொலைங்க" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "என் கைதான் சரியா பிடிக்கல போல" என்றார். வண்டியின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சூம்பிய கால் ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது வேறு காரணத்தை யார் தேடப்போகிறார்கள்?

அந்த நேரத்தில்தான் கிரீஸ் கையோடு தேவாண்ணன் வாசலில் வந்து நின்றார். உடைந்த வண்டியை அவருடைய ஷெட்டில்தான் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். கையில் அந்தக் கேபிள்.

"சார் மேல தப்பில்ல. என்து" என்றார். "கேபிள கயட்டி மாட்டசொல்லோ கை பிரேக்குல கேபிள் நயுவாம புடிக்கிற பின்னு போடாம வுட்டுட்டேன். ட்ரையல் போனேன், நல்லாத்தான் நின்னுச்சு. ஏன்னா நான் என் காலால மிதிச்சுப் பாத்தேன். சார் கையால ஓட்டறவருன்னு தெரிஞ்சுக்கினே என் காலால பாத்துட்டேன்."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா தலை நிமிர்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தார். மாமா மட்டும், "அதெல்லாம் சரிப்பா, இருந்தாலும் வண்டி வேணாம்" என்று இழுத்தார். "விக்கறது அப்பால இருக்கட்டும் சார். ரெடி பண்ணி நான் எட்த்தாறேன். சாரே பாத்துட்டுச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் தேவாண்ணன்.

அதற்குப்பின் அவர் செய்ததை மந்தைவெளியே வேடிக்கை பார்த்தது. தன் வலது காலைத் துண்டால் ஸ்கூட்டரின் இருக்கைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கைப்பிடியை மட்டும் நம்பி, தெருத் தெருவாக ட்ரையல் போனார். டீக்கடையிலிருந்து யாரோ, "இன்னா தேவா, கால் போச்சா?" என்று கத்தினார்கள். "கால் கீது. அதான் கட்டிவெச்சுக்கினு கீறேன்" என்றார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். கேட்ட சிலர் தங்கள் வண்டிகளை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் முறையிட்டதில்லை. ஒவ்வொரு ட்ரையலின் முடிவிலும் எங்கள் வாசலில் வந்து, ஜன்னலில் நிற்கும் அப்பாவின் கண்ணெதிரே பிரேக் பிடித்து நிறுத்திக் காட்டிவிட்டுத் திரும்பிப்போவார்.

குருத்து ஞாயிறன்று அப்பா இறங்கி வந்து வண்டியில் ஏறினார். அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் முன்னால் ஏறப் பார்த்தேன். அப்பா என் தோளை மெல்லத் தள்ளி, "நீ அம்மாவோட நடந்து வாம்மா" என்றார். கோவிலிலிருந்து திரும்பும்போது, நான் நிற்கும் இடத்தில் குருத்தோலைகளை நிறுத்திவைத்துக்கொண்டு அவர் எங்களைக் கடந்து போனார்.

அதன்பிறகு அவர் எங்கும் தனியாகவே போய்வந்தார். மாமாவின் பேச்சு எடுபடவில்லை. ஆனால் என்னை மட்டும் ஏற்றவே இல்லை. தேவாண்ணன் பார்க்கும்போதெல்லாம், "பாப்பா எங்க சார்?" என்று கேட்பார். "பெரிய பொண்ணாயிட்டா, நடந்தே வர்றா" என்பார் அப்பா. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தப்பு தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிடி வெறுமனே உள்ளே போன நொடி அவர் விரல்களைவிட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன். நானும் அடம்பிடிக்கவில்லை. கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம் என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

அப்பா இறந்தபின் வண்டியை என்ன செய்வது என்று கேட்க ஷெட்டுக்குப் போனேன். தேவாண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, என் முகவாயையும் பார்த்தார்.

"அதுக்கப்பால எப்பவாச்சும் சாரு உன்ன முன்னாடி ஏத்தினாராம்மா?"

"இல்லண்ணா."

அவர் வண்டியின் முன்பக்கம் நான் நின்ற இடத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு, "அப்போ இந்த வண்டி இன்னும் ரிப்பேர்லதாம்மா கீது" என்றார்.

அவரும் இப்போது இல்லை. மேம்பாலத்தின் நிழலில் அந்த ஷெட் இருந்த இடத்தில் கைபேசி உறைகள் விற்கிறார்கள். ஸ்கூட்டரை அவர் கேட்டுக்கொண்டபடி, நடக்க முடியாத இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம். நான் என் மகனை முன்னால் நிறுத்திக்கொண்டு அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறேன். அந்தத் தெருமுனை வரும்போது தேவையில்லாமலே பிரேக்கை அழுத்துகிறேன். என் தழும்பு அவன் உச்சந்தலையில் போய் இடிக்கிறது. "ஐயோ அம்மா" என்று கத்துகிறான்.