பன்னிரண்டு நாற்காலியும் ஒரு வாளியும்

காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் கூட இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது சிங்கராயர் வாளியும் விளக்குமாறுமாக என் வாசலைத் தாண்டிப் போவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பத்து வருஷமாகத் திருப்புகிறேன். கழுத்துதான் வலிக்கிறது. அவர் வேறு யாருமில்லை, என் அக்கா செபஸ்தியம்மாவின் புருஷன். கோயிலில் எனக்கு இருந்த நாற்காலி போனது அவரால்தான். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆளைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அறுபது வயது, குள்ளம். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற காக்கிக் காற்சட்டை. மழையானாலும் வெயிலானாலும் தலையில் ஒரு சாக்கு. இரண்டு கையையும் உடம்பில் படாமல் விலக்கி வைத்துக்கொண்டு நடப்பார். வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றிக் கோயிலுக்கு வந்தாலும் அந்தக் கைகள் அப்படியேதான் நிற்கும். கதவை முழங்கையால் தள்ளுவார். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியை முழங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் வரிசை வீடுகளாக நாலு லயம். லயங்களுக்குப் பின்னால் வாளி வைத்த கக்கூஸ் ஒன்பது. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று மூன்று தரம் கனைப்பார். உள்ளே ஆள் இருந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நமுனுகுல மலையைப் பார்த்தபடி நிற்பார். எவ்வளவு நேரமானாலும் நிற்பார். பிறகு பின்பக்கத் தகரத்தைத் தூக்கி வாளியை இழுப்பார். மூக்கில் துணி கட்டுவதில்லை. ஏன் என்று அக்கா ஒருதரம் கேட்டிருக்கிறாள். "மூக்கப் பொத்திக்கிட்டு நின்னா உள்ள இருக்கிறவங்களுக்கு வெக்கமா இருக்கும்ல" என்றாராம்.

இதை வைத்து ஆளைப் புனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். சாக்கடைக் கானில் சாம்பலைக் கொட்டி அடைத்து வைக்கிற பெண்களை அவர் ஏசுகிற ஏச்சைப் பத்திரிகையில் எழுத முடியாது. பிரசங்கம் தொடங்கினால் வாசல் தூணில் சாய்ந்து குறட்டை விடுவார். வேலை பிடித்திருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் மாதம் முழுக்க வாந்திதான். "நாத்தம் பழகிரும்னு சொல்றவன் வந்து ஒரு நாளைக்குத் தூக்கிப் பாக்கட்டும். பழகாது." இது அவர் வாய்ப் பேச்சு. அப்படியானால் விட்டுத் தொலையேன் என்றால், "விட்டா யாரு செய்வா, நீ செய்வியா?" என்பார்.

இது எங்கள் ஆட்கள் செய்கிற வேலை இல்லை. முன்னே செய்தது பெரியாயியும் அவள் புருஷனும். கடைசி லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். அவர்கள் தொட்ட பாத்திரத்தில் நாங்கள் தண்ணீர் குடித்ததில்லை. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகியும் அந்த ஒன்றை மட்டும் நாங்கள் விடவில்லை. எழுபத்தோராம் வருஷம் அவர்களுக்கு இந்தியாவுக்குப் போக உத்தரவு வந்தது. பதுளை ஸ்டேசன் வரைக்கும் போய் வழியனுப்பினவர் சிங்கராயர் ஒருவர்தான். கோச்சி நகரும்போது பெரியாயி ஜன்னலில் சிரித்துக்கொண்டே கேட்டாளாம்: "ஐயா, நாளைக்கு விடிஞ்சா அங்க யாரு அள்ளுவா?"

பத்து நாளில் வாளிகள் நிரம்பி வழிந்தன. ஆள் போடுவதாக ஆபீசில் சொன்னார்கள். போடவில்லை. நாங்கள் ஆம்பிளைகள் கூடிக் கூடிப் பேசினோம். எல்லாரும் துரையைத் திட்டினோம், எல்லாரும் தேயிலைக்குள் போய் ஒதுங்கினோம். பிறகு மழை பிடித்தது. எல்லாம் கானில் இறங்கி வாசலுக்கு வந்தது. பதினோராம் நாள் காலையில், பெரியாயி போட்டுவிட்டுப் போன வாளியைத் தூக்கிக்கொண்டு சிங்கராயர் வெளியே வந்தார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் போய் வழியை மறித்தேன். எனக்கு ஒரே மகள், செசிலி. அப்போது அவளுக்குப் பத்து வயது. மாமன் பீ அள்ளுகிறான் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் அவளைக் கட்டுவான்? இதைத்தான் கேட்டேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"பெரிய வியாழனுக்குப் பெரிய வியாழன் சாமியார் நம்ம கால கழுவி விடுறாரு, மாப்புள. நீயும் நானும் எத்தன வருசமா நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம். வாங்கிக்கிட்டு சும்மாவே வீட்டுக்கு வந்துட்டோமே."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யேசுநாதர் சாவதற்கு முந்தின நாள் இரவு தம்முடைய சீஷர்கள் பன்னிரண்டு பேருக்கும் காலைக் கழுவி விட்டார். அதை நினைத்து வருஷா வருஷம் பெரிய வியாழனில் பதுளையிலிருந்து சாமியார் வந்து பன்னிரண்டு ஆண்களுக்குக் காலைக் கழுவுவார். பள்ளிக்கூடத்திலிருந்து பன்னிரண்டு நாற்காலி கொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் போடுவோம். அதில் உட்காருவது எங்கள் தோட்டத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. என் அப்பா உட்கார்ந்த இடம் எனக்கு வந்தது. ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். சாமியார் வலது காலை மட்டும்தான் கழுவுவார். அதனால் நாங்கள் பின்னேரமே மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய் வலது காலைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவோம். கழுவின காலைத்தான் சாமியார் கழுவுவார். இடது கால் செருப்புக்குள் இருக்கும். அதில் சேறு இருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது.

அடுத்த பெரிய வியாழனுக்கு சிங்கராயர் வழக்கம்போல வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். நகத்துக்கு உள்ளேயெல்லாம் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்திருந்தார். எங்கள் எல்லாருடைய காலையும்விட அது வெள்ளையாக இருந்தது. பக்கத்திலிருந்த மதலைமுத்து என் விலாவில் இடித்தான். எழுந்து நின்று சொன்னவன் நான்தான். "சாமி, இவரு இங்க குந்துனா நாங்க பதினோரு பேரும் எந்திரிச்சுப் போயிருவோம்." சொந்த மச்சானையே சொன்னதால் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. மற்றவர்களும் எழுந்தார்கள்.

சாமியார் சின்னப் பிள்ளை, வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இடுப்பில் துவாயும் கையில் தண்ணீர்ச் செம்புமாக நின்றவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அதற்குள் சிங்கராயரே எழுந்துவிட்டார். "நான் அங்கிட்டு இருந்துக்கிறேன் சாமி, நீங்க நடத்துங்க" என்று வாசல் தூணுக்குப் போனார். சாமியார் நடத்தவில்லை. "அப்ப யாருக்கும் வேணாம்" என்று செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். அந்த வருஷத்தோடு எங்கள் கோயிலில் கால் கழுவுவது நின்றுபோனது. நாற்காலி போன கதை இதுதான். மனுஷன் அன்றைக்கு வீட்டிலேயே இருந்திருந்தால் எனக்கு அது இன்னும் இருந்திருக்கும்.

எழுபத்து நாலில் பஞ்சம். மாவும் இல்லை, பாண் ரொட்டியும் இல்லை. அகப்பட்ட கிழங்கைத் தோண்டித் தின்று லயம் முழுக்க வயிற்றோட்டம். ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும் என்று என் பெண்சாதி மகளைக் கூட்டிக்கொண்டு ஹாலிஎலயில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தனியாக விழுந்தேன். இரத்தமாகப் போனது. எழும்பிக் கக்கூசுக்குப் போக முடியவில்லை. எல்லாம் பாயிலேயே. மதலைமுத்து வந்தான், ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு செபம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இரண்டாம் நாள் வாசலில் மூன்று தரம் கனைப்புக் கேட்டது.

ஐந்து நாள் வந்தார். என்னைப் புரட்டினார், கழுவினார், பாயைக் கொண்டுபோய் எரித்துவிட்டுத் தன் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து போட்டார். அக்கா கொடுத்த கஞ்சியை ஊட்டினார். மூக்கைப் பொத்தவில்லை. நான் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு ஏசி மனசை ஆற்றியிருப்பேன். சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் எனக்கே பொறுக்கவில்லை. "மச்சான், அன்னைக்குக் கோயில்ல..." என்று எடுத்தேன்.

"அது கெடக்கட்டும். இப்பக் கஞ்சி குடிப்பியா மாட்டியா? எனக்கு இன்னும் ஏழு வாளி கெடக்கு."

பெண்சாதி திரும்பி வந்ததும் அவர் உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டார். நான் நன்றி சொல்லவில்லை. காலையில் வாளிச் சத்தம் கேட்டால் பழையபடி முகத்தைத் திருப்பினேன். முன்னே கோபத்தில் திருப்பினேன். அதற்குப் பிறகு அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் திருப்பினேன்.

ஹாலிஎலயில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஷுக்ரி நானா, உடைந்த சிவப்புச் சவுக்காரத் துண்டுகளை ஒரு டின்னில் சேர்த்து வைத்து மாதம் ஒருதரம் என்னிடம் தருவார். "ஒங்கட மச்சானுக்கு. கோயில்ல முன்னுக்கு இரிந்த ஆக்கள், ஒரு கட்டி வாங்கிக் குடுக்க ஒங்களுக்கு ஏலாதா?" என்று ஒரு குத்தும் குத்துவார். நான் அதை அக்கா வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன்.

தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. புதுக் கக்கூஸ் கட்டித் தருவதாக அளந்துகொண்டு போனார்கள். அளந்த கயிறு இற்றுப்போயே ஐந்து வருஷம் இருக்கும். சிங்கராயர்தான் இன்னும் அள்ளுகிறார். முதுகு வளைந்துவிட்டது. முன்னே இரண்டு வாளி தூக்கினவர், இப்போது ஒன்று. நடுவில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறார்.

என் செசிலிக்கு இப்போது கல்யாணம் பேசியிருக்கிறது. மாப்பிள்ளை மதலைமுத்துவின் மூத்த மகன், கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் என்னோடு வேலை. நல்ல பையன். மதலைமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: சிங்கராயர் பந்தியில் உட்காரக் கூடாது, அவரோடு கொடுக்கல் வாங்கல் தொட்டுப் பழகல் எங்களுக்கு இருக்கக் கூடாது. நான் தலையாட்டினேன். மகளுக்காக ஆட்டினேன். அக்காவுக்கு இது தெரியும். அவளுக்குத் தெரிந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

பீலித் தண்ணீர் ஒரு சிமெந்துத் தொட்டியில் விழுகிறது. லயம் முழுவதும் அதில்தான் மொண்டு குடிக்கிறது. வேலை முடிந்த கையை அதற்குள் விட அவருக்கே மனசு வராது. அதனால் தினமும் அக்கா பால்மா டின்னோடு இறங்கி வந்து, மொண்டு ஊற்றி விடுவாள். இந்த மாசியில் அக்கா முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டாள். பிள்ளைகள் எல்லாம் வேறு தோட்டங்களில், ஊற்ற ஆள் இல்லை. மனுஷன் கீழே ஓடைக்கு இறங்கத் தொடங்கினார். செங்குத்தான பாதை. ஒருதரம் சறுக்கி விழுந்து முழங்கையெல்லாம் காயம். பார்த்தோம். நானும் பார்த்தேன்.

போன திங்கட்கிழமை சாப்பாட்டுக் கேரியரோடு ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொட்டிக்குப் பத்தடி தள்ளி அவர் நின்றார், கைகளை விலக்கி வைத்துக்கொண்டு. பெண்கள் குடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் போகட்டும் என்று காத்திருந்தார்கள். கல்லில் உட்கார்ந்து மதலைமுத்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பினேன்.

"மாப்புள."

பத்து வருஷத்தில் வழியில் வைத்து அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. நின்றேன்.

"ஓடைக்கு எறங்க முடியல. ரெண்டு டின் தண்ணி ஊத்திட்டுப் போ."

கெஞ்சவில்லை. அசதியாகத்தான் கேட்டார், பீடிக்கு நெருப்புக் கேட்கிற மாதிரி. மதலைமுத்து எச்சிலைத் துப்பினான். "என்ன பிலிப்பு, பெரிய வியாழன் இந்த வருசம் முந்திக்கிச்சா?" என்றான். பெண்களில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கையில் பல்பொடியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு என் மகள் முகம் வந்தது. மூன்று தரம் கனைத்த சத்தமும் வந்தது.

கேரியரைக் கல்லில் வைத்தேன். டின்னை எடுத்து மொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து சவுக்காரத் துண்டை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் ஊற்றினேன். முழங்கை வரைக்கும் தேய்த்தார். திரும்பவும் ஊற்றினேன். வலது காலை நீட்டினார். குதிகால் வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. பெருவிரலில் நகம் இல்லை. ஊற்றினேன். சேறு போய்க் கால் தெரியும் வரைக்கும் ஊற்றினேன். பிறகு டின்னைத் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டுக் கேரியரை எடுக்கத் திரும்பினேன். பழக்கம் அப்படி. சாமியாரும் அதோடுதான் நிறுத்துவார்.

"இன்னொண்ணும் இருக்கு மாப்புள" என்றார்.

சொல்லிவிட்டு, விழாமலிருக்க ஒரு கையை என் தோளில் ஊன்றிக்கொண்டு இடது காலைத் தூக்கி நீட்டினார். முழங்கை இல்லை, உள்ளங்கை. ஈரமாக இருந்தது.