மோட்டார் இல்லாத லென்ஸ்

எங்கள் மீனவக் கிராமமான தோணிரேவில் யாருடைய படகு எஞ்சின் பழுதானாலும் பக்கத்து வீட்டு எஞ்சினைக் கழற்றி வந்து மாட்டிக்கொள்வோம். எந்தப் படகிலும் உட்காரும், ஓடும். அந்தப் பழக்கத்தில்தான் நான் கெட்டேன்.

கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பது என் பிழைப்பு. தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாள் என் பழைய கேமரா உப்புக்காற்றில் செத்துப்போனது. லென்ஸ் மட்டும் பிழைத்தது. மீஞ்சூர் நண்பன் தன் புது கேமராவை இரவல் தந்தான். என் லென்ஸ் அதில் டக்கென்று பொருந்தியது. ஒரு படம்கூட எடுத்துப் பார்க்கவில்லை, முட்டாள்!

அப்பா, எங்கள் நைனா, என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மா போனபின் தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்.

"பாப்பா என் கால்ல வுழுந்து எழுந்துக்கும் பாரு, அப்போ ஒரு போட்டோ எடுத்துக் குடுடா. மத்ததெல்லாம் எனுக்கு வாணாம்."

தாலி கட்டும் வரை நான் அண்ணனாக மேடையில் நின்றேன். சொந்தக்காரர்கள் போனில் எடுத்துத் தள்ளினார்கள். அவள் நைனாவிடம் குனிந்ததும், "எல்லாரும் நவுருங்க, நான் எடுக்கறேன்" என்று போன்காரர்களை விரட்டிவிட்டு பட்டனை அழுத்தினேன். லென்ஸ் அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பழைய கேமராவின் உடம்பிலேயே மோட்டார் இருந்தது. அதுதான் லென்ஸைத் திருப்பியது. புதுசோ லென்ஸுக்குள் மோட்டார் இருக்கும் என்று நம்புகிற ரகம். என் லென்ஸில் அது கிடையாது. பதறி, வளையத்தைக் கையால் திருப்பினேன். நைனா அழுதபடி அவளைத் தூக்கினார். ஒரு கிளிக், அவ்வளவுதான்.

படத்தில் பின்னாலிருந்த வாழைமரம் நார் நாராகத் தெரிந்தது. இரண்டு முகங்களும் புகை.

மறைக்காமல் எல்லாம் சொன்னேன். நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ ரெண்டுத்துலயும் மிசின் இல்ல. தோணி மாதிரி கோலு போட்டுத்தான் தள்ளணும், இன்னா?"

"ஆமா நைனா. கையாலதான் திருப்பணும். அவசரத்துல தப்பாப்பூட்டுது."

தங்கை புருஷன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். நைனா என் லென்ஸைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இன்னொரு கையில் பிரிண்ட் போட்டிருந்த அந்தப் படம்.

"கையால திருப்பலாம்னியே. இப்போ அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாத் திருப்பு."

எடுத்து முடித்த படத்தை இனி எந்த வளையமும் தெளியவைக்காது. லென்ஸை வாங்கி வளையத்தைத் திருப்பினேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.