சாமிக்கு வைத்த முடி

காலை ஆறு பத்துக்கு அண்ணனின் தலையணையில் முடி கிடந்தது. நேரம் எப்படித் தெரியும் என்றால், நகரி ஸ்டேஷனை விட்டு பாசஞ்சர் கிளம்பும் ஊதல் அப்போதுதான் கேட்டது. எங்கள் தெருவுக்கு அதுதான் கடிகாரம். ஊதல் ஓய்வதற்குள் அம்மா போட்ட சத்தத்தில் நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவன் போலப் படுத்திருந்தான்.

இத்தனை வருடம் கழித்து, போன வாரம் என் மகளின் சீப்பில் கொத்தாக முடி கண்டேன். டைபாய்டு வந்து போனால் கொட்டும், மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சீப்பைக் கையில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். என்ன காய்ச்சல், என்ன மாத்திரை, ஏன் கொட்டுகிறது எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவள்தான். கை மட்டும் எதையும் படிக்கவில்லை போலிருக்கிறது, சீப்பைக் கீழே வைக்க மாட்டேன் என்றது.

அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். தறியை விற்றுவிட்டு நைனா குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டப் போயிருந்தார். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான் காணாமல் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டிடி பூத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்கள் குரலாக மட்டும் வந்துபோவார்கள். அண்ணனின் தொடையில் ஒரு கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பில் வந்திருக்கிறது என்றார்கள். அம்மா அன்றைக்கே திருமலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு, கால் சரியானதும் இவன் முடியை உனக்குத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அதிலிருந்து அவன் தலையில் கத்தரி படவில்லை. காது மூடி, பிடரியில் இறங்கி, சினிமா ஹீரோ மாதிரி ஆனான். அந்த நோயில் அவனுக்குப் பிடித்திருந்த ஒரே பகுதி அதுதான்.

ஏற்றுகிற மருந்தால் முடி கொட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சாமிக்கு வைத்த முடிக்கும் அது பொருந்தும் என்று அம்மா நினைக்கவில்லை.

கொட்டியதை எல்லாம் அம்மா மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னாள். அத்தை எதையும் மெதுவாகச் சொல்லி எனக்கு நினைவில்லை.

"கொட்டினத எடுத்து முடிஞ்சு வச்சா ஆச்சா? சாமி எடுத்துக்குமா அத? கத்தி பட்டு வுழணும்மே. தானா வுழுந்துச்சுன்னா வேணாம்னு அதுவே தட்டி வுட்டுச்சுன்னு அர்த்தம்."

உள்ளே கட்டிலில் அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? நான் ஒரு தட்டில் சர்க்கரை போட்டு எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் கொடுத்தேன். வாங்கியவர்கள் யாரும் அதை வாயில் போட்டுக்கொள்ளாதது எனக்குக் குறையாக இருந்தது. அவர்கள் எல்லாம் அடுத்தடுத்த நாட்களில் அண்ணனைப் பார்க்க வந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ரொட்டி கொண்டுவந்தார்கள், கட்டில் ஓரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், போனார்கள். அந்த மழைக்காலம் முழுக்க நான் ரொட்டி தின்றுதான் வளர்ந்தேன்.

ரொட்டி கொண்டுவராமல் வந்த முதல் ஆள் நர்ஸ்தான். சித்தூர் மிஷன் காம்பவுண்டைச் சேர்ந்தவர். வீட்டோடு இருக்கும் நோயாளிகளைப் பார்க்க வாரம் ஒருமுறை பஸ்ஸில் எங்கள் பக்கம் வருவார். தடித்த உடம்பு, வெள்ளைப் புடவை, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. வந்ததும் அம்மாவிடம் பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, இங்க உக்காரட்டா?" என்று அண்ணனைக் கேட்டார். எங்கள் வீட்டில் அவனை யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

பையிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்துக் கட்டில் மேலிருந்த பாயில் பரப்பினார். ஒரு கொட்டாங்கச்சியை வைத்தார். வலி கொஞ்சமாக இருந்தால் ஒரு கொட்டை, அதிகமானால் அதிகம். பொறுக்கவே முடியாவிட்டால் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடலாம். எவ்வளவு விழுகிறதோ அதைப் பார்த்து மருந்து. கொட்டைகளை எடுத்துவைக்கும் வேலையை எனக்குத் தந்தார். எனக்கு அது பல்லாங்குழி மாதிரி இருந்ததால் உடனே சம்மதித்தேன்.

அண்ணன் ஒரு கொட்டைகூடப் போடவில்லை. அடுத்த வாரமும் போடவில்லை.

"நோவுதாடா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப போர்வைய ஏன் அப்டி சுருட்டிப் புடிச்சிக்கினு கீற? அது இன்னா பண்ணிச்சு உன்ன?"

அவன் விரல்களைப் பிரித்துக்கொண்டான். நர்ஸ் அம்மாவை டீ போடச் சொல்லி அனுப்பினார். என்னை அனுப்பவில்லை. இருவருக்கும் நடுவில் கொட்டாங்கச்சி கிடந்தது. அவர் குடைக் கம்பியில் சிக்கியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் பேசினான்.

"நோவுதுன்னா சாமி கோவமா கீதுன்னு அர்த்தம் சிஸ்டர். முடி கொட்டிப்போச்சு இல்ல. நா நோவுதுன்னு சொன்னா அம்மா அந்த மூட்டய எடுத்து வச்சிக்கினு அழுவும்."

நர்ஸ் அவன் சொன்னதை மறுக்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் திரும்பவும் வாயை மூடியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

"உங்க சாமி விஷயம் எனக்குத் தெரியாதுப்பா, நான் சர்ச்சுக்குப் போறவ. மலைக்கே போய்க் கேட்டுடலாமா?"

"நான் எப்டி வருவேன்? உக்காந்தாலே..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அதான. மருந்து துன்னா வரலாம். மருந்து குடுக்கணும்னா எவ்ளோ நோவுதுன்னு எனக்குத் தெரியணும்."

அவன் என்னைப் பார்த்தான். அடுப்படியைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பாயிலிருந்த கொட்டை எல்லாவற்றையும் வாரிக் கொட்டாங்கச்சியில் போட்டான். வழிந்து கட்டிலுக்குக் கீழே உருண்டன. டீயோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் புள்ளன்னு நெனச்சிக்கினு இருந்தேனே சிஸ்டர்."

"அவன் உன்னப் பத்தி அப்டிதாம்மா நெனச்சிக்கினு கீறான்."

அன்று தொடங்கிய கசப்பு மருந்தால் இரண்டாம் நாளே அண்ணன் முகம் மாறியது. மூன்றாம் நாள் ரொட்டியைத் தள்ளிவிட்டுக் கேழ்வரகுக் களி கேட்டான். அம்மா கிண்டினாள். அவன் தின்றதை நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சினிமா போலப் பார்த்தோம்.

மலைக்குப் போக ஒரு வேன் பேசினார்கள். கூட வரச் சம்மதித்த நர்ஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அவன் தலையில் கத்தி படக்கூடாது, இப்போது சிறு கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்காது. மலைக்குப் போனால் போதும் என்றிருந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அத்தை கூப்பிடாமலே வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் மெத்தை விரித்து அண்ணன் ராஜா மாதிரி படுத்திருந்தான். புத்தூர் தாண்டியதும் ஒரு கொட்டை, அலிபிரி வரும்போது ஒரு கொட்டை. அவ்வளவுதான்.

அலிபிரியில் வண்டியை நிறுத்தச் சொன்னான். நடந்து மலையேறுகிறவர்கள் முதல் படியில் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படியோரம் இறக்கினார். பின்னாலேயே நர்ஸ் குடை பிடித்துக்கொண்டு போனார். அண்ணன் முதல் படிக்குப் பொட்டு வைத்தான். "மிச்சப் படிங்கெல்லாம் வண்டியில வருது, கோச்சுக்காத," என்று படியிடம் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரும் வாயைப் பொத்திக்கொண்டு அழாத கூட்டத்தை அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மேலே கல்யாணகட்டாவில் வரிசையாக மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் தரையெங்கும் முடி. எங்களுக்கு வாய்த்த நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டே தெலுங்கில், "எவரிதி மொக்கு?" என்றார். யாருடைய வேண்டுதல் என்று. அம்மா மஞ்சள் மூட்டையைக் காட்டிக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அதற்குள் அத்தை புகுந்தாள்.

"ஒரே ஒரு தரம் கத்திய மேல வச்சு எடுக்கட்டும் சிஸ்டர். பூஞ்ச மாதிரி மொளச்சிக்கினு கீது பாரு. அது போதும்."

நர்ஸ் படாரென்று குடையை விரித்து அண்ணனின் தலைக்கும் கத்திக்கும் நடுவில் பிடித்தார். மண்டபத்துக்குள் குடை விரித்து நின்ற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். நாவிதர் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பின்னால் வரிசை நீண்டது. அண்ணன் குடைக்கு அடியில் போர்வையைச் சுருட்டிப் பிடிக்கத் தொடங்கினான். கொட்டாங்கச்சியை மடியில் வைத்திருந்த எனக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

"என் முடிய எடுத்துக்கோங்க," என்றேன்.

இடுப்புவரை தொங்கிய முடி. என்னிடம் அழகு என்று ஊர் சொன்ன ஒரே சாமான். அத்தை, "பொம்பளப் புள்ளடி!" என்று கத்தினாள். நான் தியாகம் எதுவும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நைனா குவைத்திலிருந்து அண்ணனுக்கு மட்டும் அனுப்பியிருந்த, கார் படம் போட்ட சிவப்புச் சட்டை மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கண்.

"செவப்புச் சட்டய எனக்குக் குடுத்துடணும்," என்றேன் அண்ணனிடம்.

"வாடகைக்கு."

"சொந்தமா."

குடைக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "சரி, எடுத்துக்கோ. பேய் மாதிரி இருப்ப."

நாவிதர் திரும்பவும் கேட்டார். "எவரிதி மொக்கு?"

"மா அன்னதி," எங்கள் அண்ணனுடையது என்று சொல்லிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தேன்.

சில்லென்று தண்ணீர், சரசரவென்று கத்தி. முடிந்ததும் நாவிதர் அம்மாவின் கையிலிருந்த மூட்டையை வாங்கி அவிழ்த்து, அண்ணனின் முடியை என் முடியோடு சேர்த்து அள்ளிப் போட்டார். எது யாருடையது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அண்ணன் குடையை நகர்த்திவிட்டு அதையே பார்த்தான். "சேந்துடுச்சு," என்றான். அத்தை உட்பட எல்லாரும் கோவிந்தா போட்டோம். நர்ஸ் போடவில்லை, ஆனால் குடையை மடக்கி உயரத் தூக்கினார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது, என் சந்தனத் தலையைத் தட்டிக்கொண்டே வந்தவன் திடீரென்று நர்ஸைக் கேட்டான்.

"முடி குடுத்தாச்சு. இனிமே எனக்கு நல்லாயிடுமா சிஸ்டர்?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் திரும்பவில்லை.

"நோவு வந்தா அத அடக்க மருந்து கீது தம்பி. நோய அடக்கற மருந்து இல்ல. ஆனா உன்னத் தனியா வுட மாட்டோம். உன் கூட யாரு யாரு இருக்கணும்னு சொல்லு."

அவன் யோசித்தான். ஆச்சரியமாக, பயந்தவன் போலத் தெரியவில்லை. வெகுநாளாகத் தெரிந்த ஒன்றை ஒருவழியாக இன்னொருவரும் ஒத்துக்கொண்டது போல இருந்தது முகம்.

"நைனா," என்றான்.

மறுநாளே நர்ஸ் அம்மாவோடு எஸ்டிடி பூத்துக்குப் போனார். மகன் எப்படி இருக்கிறான் என்று நைனா கேட்டதற்கு, "உங்களக் கேக்கறான், வந்துடுங்க," என்று மட்டும் அவர் சொன்னதாக அம்மா பிற்பாடு சொன்னாள். மற்றதை அங்கே போனில் சொல்லி ஒரு ஆளைத் தனியாக அழவிட அவருக்கு மனம் வரவில்லை.

நைனா வந்தபின் அண்ணன் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தான். நைனாவின் மடியில் தலை வைத்து, கொட்டாங்கச்சியில் ஒன்றிரண்டு கொட்டையோடு, நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே போனான். ஆனால் எனக்கு அந்த வீட்டை நினைத்தால் முதலில் வருவது அந்த நாள் அல்ல. நைனா வந்து இறங்கிய மத்தியானம்தான்.

வாசலில் சிவப்புச் சட்டையும் அண்ணனின் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, மொட்டைத் தலையோடு உட்கார்ந்து கொட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். டாக்சி நின்றது. பெரிய பெட்டியோடு இறங்கிய மனிதர் என்னைப் பார்த்தார், பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என்னை வாரித் தூக்கிவிட்டார்.

"நல்லாயிட்டயா கண்ணு! எவ்ளோ கனமா கீறடா! நல்லாயிட்டான்மே, எம் புள்ள நல்லாயிட்டான்!"

உள்ளே கட்டிலில் இருந்து அண்ணன் வெடித்துச் சிரித்தான். அவ்வளவு பலமாக அவன் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நைனா, அது நானில்ல! நான் இங்க கீறேன்!" என்று கத்தினான். நானும் கையைத் தட்டிச் சிரித்தேன். மொட்டைத் தலையும் சிவப்புச் சட்டையுமாக, கடல் கடந்து வந்த மனிதரையே ஏமாற்றிவிட்டேன். வாழ்நாளில் அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு வாய்க்காது என்று நினைத்தேன்.

நைனா என்னை இறக்கவில்லை. அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். கட்டிலைப் பார்த்தார். அவருடைய கைகள் இரண்டும் நடுங்கின. நான் கனமாக இருக்கிறேன், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு கட்டிலுக்குப் போய், அண்ணனைக் கேட்டு, அவன் நகர்ந்து விட்ட இடத்தில் என்னோடு உட்கார்ந்தார். இரண்டு மொட்டைத் தலைகளிலும் ஒவ்வொரு கையை வைத்தார்.

"ரெண்டு பேருமா சேந்து என்ன ஏமாத்திட்டீங்களேடா," என்றார்.