நாலு கிராம் கட்டியும் எடை ஆய்வாளரும்

“தராசுன்னா ஒண்ணு சரி, இல்லைன்னா தப்பு. ‘முக்கால்வாசி சரி’ன்னு இந்த வாய் இருபத்தாறு வருஷத்துல சொன்னதில்லை. இனியும் சொல்லாது!”

எடை ஆய்வாளர் இதை அறிவித்தது சந்தை நடுவில், ஒரு வெங்காயக் கடைக்காரரின் தராசைப் பறிமுதல் செய்த கையோடு. பத்து கிராம் பிசகினாலும் முத்திரை குத்த மாட்டார். அதனால் ஊரே அவரை ‘முத்திரை’ என்றுதான் கூப்பிட்டது.

அப்பேர்ப்பட்டவரின் உடம்புக்குள்ளேயே ஒரு தில்லுமுல்லு எட்டு வருடமாக நடந்துவந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி. எடை நாலே கிராம். அது ஹார்மோனை அள்ளி இறைத்து ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றியது. தினம் நாலு மாத்திரை போட்டும் மசியவில்லை. கடைசியில் சுரப்பியோடு அறுத்து எடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னார்: “ஹார்மோன், பொட்டாசியம் ரெண்டும் சரியாயிருச்சு. அதுல முழு வெற்றி. பிரஷர்ல பாதி வெற்றிதான். நாலு மாத்திரை ஒண்ணாயிருக்கு. அந்த ஒண்ணை விடக்கூடாது.”

“பாஸா, ஃபெயிலாம்மா?”

“ரெண்டுக்கும் நடுவுல சார். பழைய பிரஷர்ல ரத்தக்குழாய் விறைச்சுப் போயிருக்கு. மாத்திரையை விட்டா பக்கவாதம் வரலாம்.”

நடுவில் என்று ஓர் இடம் இருப்பதே முத்திரைக்கு மானக்கேடு. முழு வெற்றியை நிரூபிக்க, அன்றுமுதல் மாத்திரையை வாஷ்பேசினுக்கு ஊட்டிவந்தார்.

பத்தாம் நாள் மனைவி பிரஷர் பார்த்தார். 162.

“மெஷின் கோளாறு.”

“ஆமா, உங்களைத் தவிர உலகமே கோளாறு. வேற மெஷின் கொண்டாங்க, பாப்போம்.”

பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று, மருந்துக்கடையிலிருந்து ஒன்று வந்தது. மூன்றும் சாப்பாட்டு மேசையில் அணிவகுத்தன. 162, 164, 161. மூன்று கருவிகள் ஒத்துப்போனால் விசாரணை முடிந்தது என்பது அவரே அலுவலகத்தில் போட்ட சட்டம்.

“இப்ப யாரைப் பறிமுதல் பண்றதாம்?” என்று ஆரம்பித்த மனைவிக்குக் குரல் உடைந்தது. “எங்கண்ணன் வாய் கோணிக் கிடந்ததைப் பாத்தவ நான். உங்க முழு வெற்றி யாருக்கு வேணும்? நீங்க இருந்தாப் போதும்.”

முத்திரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் 128. டாக்டரம்மா படிவத்தில் ‘பாதி வெற்றி’ என்று எழுதத் தொடங்கினார். முத்திரை எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“பாதின்னா ரொம்பக் குறைச்சலா இருக்கும்மா. முக்கால்வாசி சரின்னு போட்டுக்குங்களேன்.”