வேறொரு கேமராவின் செம்பருத்தி

கடைத்தெரு முழுவதும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். பதினொரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்தவர். பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துச் சேர்க்கத் தானாகவே கற்றுக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் தம்பியோடு கடை போட்டார். பழுது பார்ப்பது அவர். விற்பதும் பேசுவதும் தம்பி.

அங்கே ஒரு வழக்கம். வாசல் தொட்டியில் பூக்கும் செம்பருத்தியைப் படம் எடுக்காமல் எந்தக் கேமராவும் வெளியே போகாது. லென்ஸை முழுக்கத் திறந்து, முடிந்தவரை கிட்டே போய், பூ நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனியிலுள்ள மகரந்தத்துக்குக் குறிவைத்து ஃபோகஸ் செய்வார். மகரந்தம் துல்லியமாக விழுந்தால் கேமரா சரி. பின்னால் இருக்கும் இதழ் துல்லியமாக விழுந்தால் உள்ளே கோளாறு. அந்தப் படத்தின் சிறு பிரதியை, தான் கையெழுத்திட்ட அட்டையில் ஒட்டி, கேமரா எண்ணை எழுதிக் கொடுப்பார். வேறு உத்தரவாதம் எதுவும் கிடையாது.

அன்று காலை தையல்காரர் வந்து, சென்ற மாதம் வாங்கிய கேமராவையும் ஒரு கட்டுப் படங்களையும் மேசையில் போட்டார்.

"என் தங்கச்சி வெளிநாட்டுக்குக் கிளம்பின அன்னிக்கு எடுத்தது. காதுல தோடு மின்னுது, முடிய ஒண்ணொண்ணா எண்ணலாம். கண்ணு எங்கேன்னு தேடிக் குடுங்க."

தம்பி முந்திக்கொண்டான். "கை ஆடியிருக்கும்ணே."

"கை ஆடினா காதும் சேர்ந்துல்ல ஆடணும்? ஊசில நூல் கோக்கிற கை தம்பி இது."

அக்கா சிரிக்கவில்லை. படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். முப்பத்தாறு படமும் அப்படித்தான். அட்டையைக் கேட்டு வாங்கினார். இடப்பக்க இதழில் பூச்சி அரித்த ஓட்டை. அந்தப் பூ அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதை எடுத்தது வேறொரு கேமரா. அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த அட்டையில், எண் தம்பியின் கையெழுத்தில் இருந்தது.

"இது எந்தக் கேமரா எடுத்த பூடா?"

தம்பி சுவரைப் பார்த்தான்.

"வாயத் தொற."

"நீ அந்த வாரம் ஊர்ல இல்லக்கா. செடில வெறும் மொட்டு. இவரு அவசரம்னாரு. பூ எல்லாம் பூதானேன்னு..."

"பூ எல்லாம் பூதான். கேமரா எல்லாம் ஒண்ணா? ஒரு போன் பண்ணியிருந்தா விரல் தேஞ்சிருமா?"

அன்று ஒரு பூ விரிந்திருந்தது. கேமராவை முக்காலியில் ஏற்றி மகரந்தத்துக்குக் குறிவைத்தார். பிறகு பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல் கண்ணாடித் துண்டை வைத்து, ஷட்டரைத் திறந்து நிறுத்தினார். கண்ணாடியில் மகரந்தம் கரைந்து கிடந்தது. பின்னிதழின் நரம்பு கூர்மையாகத் தெரிந்தது.

தையல்காரர் குனிந்து பார்த்தார். "இதேதான். என் தங்கச்சிக்கும் இதேதான்."

அக்கா லென்ஸைக் கழற்றி, குறிபார்க்கும்போது பிம்பம் விழும் கண்ணாடித் தகட்டை இடுக்கியால் எடுத்தார். சொரசொரப்பான முகம் கீழே இருக்க வேண்டும், மேலே இருந்தது. துடைத்தபின் யாரோ தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். துடைத்தது தம்பி இல்லை.

"போட்டது நான்" என்றார்.

தம்பியின் முகத்தில் உயிர் வந்தது. "அப்ப தப்பு உன்னோடதுதானே? என்னை எதுக்கு இந்த வாங்கு வாங்கறே?"

இடுக்கி மேசையில் விழுந்து தெறித்தது.

"நான் தப்பு பண்ணுவேன்னு தெரிஞ்சுதான்டா பூ வெக்கிறேன்! என் கைய நானே நம்பல. நீ எந்தத் தைரியத்துல நம்பினே?"

தகட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தார். மகரந்தம் தூள் தூளாகத் தெரிந்தது. கேமராவை நீட்டினார்.

"தங்கச்சி எப்ப வருவாங்க?"

"மூணு வருஷமாகும்."

தையல்காரர் கேமராவை வாங்கிக்கொண்டு, அட்டையை மட்டும் அக்கா பக்கம் தள்ளினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் தெருவில் இறங்கியதும் அக்கா திரும்பினார். "இப்படி எத்தனை ஒட்டினே?"

"மூணு... நாலு."

"மூணா, நாலா?"

"இவரோடத விட்டுட்டு நாலு."

"நம்பர எடு. இப்பவே."

"என்னன்னுக்கா சொல்றது?"

"வேற கேமரா எடுத்த பூவ ஒட்டி ஏமாத்திட்டேன்னு சொல்லு. எங்கக்கா கையும் தப்பும்னு சொல்லு. கேமராவ எடுத்துட்டு வரச் சொல்லு."

தம்பி எண்ணை அழுத்தினான். மறுமுனையில் எடுத்ததும், "எப்படி இருக்கீங்கண்ணே, வீட்ல எல்லாரும்..." என்று இழுத்தான்.

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.