புறாவுக்குக் கட்டிய டிஸ்க்

என் அப்பா அனந்தகிருஷ்ணன் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு மாட்டுங்காவில் எங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவும் அவர் கேமராவுக்குத் தப்பவில்லை. மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஹாண்டிகேம் அது. பூணூல், சீமந்தம், கல்யாணம் எல்லாவற்றையும் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, டிவிடியில் ஏற்றிக் கொடுப்பார். யாரிடமும் காசு வாங்கியதில்லை.

ஏற்றும் வேலைதான் அவருக்கு லேசில் வசப்படவில்லை. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்து அணுசக்தி நகரில் வேலை பார்ப்பவள். கோளாறு என்றால் எனக்குத்தான் போன் வரும்.

"சாரு, முக்கால்வாசி வந்து நின்னுடுத்து."

"ஸ்பீடைக் குறைச்சேளா?"

"அடிமட்டத்துல வெச்சிருக்கேன்."

"கூடவே வேற ஏதாவது ஓடறதா?"

"உங்கம்மாவோட மிக்ஸி ஓடறது."

கம்ப்யூட்டரும் மிக்ஸியும் ஒரே பிளக் பலகையில் செருகியிருந்தன. மிக்ஸியை நிறுத்தியதும் டிஸ்க் முழுதாக வந்தது.

கெட்டுப்போன டிஸ்க்கை அப்பா தூக்கி எறிய மாட்டார். என்ன கோளாறு என்று அதன் மேல் மார்க்கரால் எழுதுவார். நடு ஓட்டையில் நூல் கோத்து பால்கனிக் கம்பியில் கட்டிவிடுவார். வெயிலில் பளபளத்தால் புறா அண்டாது என்பது அவர் நம்பிக்கை. புறாக்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

போன மாசியில் அப்பா இறந்தார். காரியங்கள் முடிந்து வீடு காலியானதும் அம்மா கேட்டாள்.

"அவர் குரல் எதுலயாவது இருக்குமோல்லியோ? ஒரு தடவை கேக்கணும்டி."

அவர் போனில் ஒன்றும் இல்லை. எதற்கும் 'ஓகே' என்று தட்டி அனுப்புகிறவர். அலமாரியில் இருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டோம்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுவது. அப்பா அந்த வழக்கத்தைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்திருந்தார். சண்டை, இருமல், குழந்தையின் வீறிடல் என்று எது வந்தாலும் அங்கே ஒலியை அணைத்து மேளத்தைப் போட்டுவிடுவார். ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மா கையை ஆட்டி வாயை அகலத் திறக்கிறாள். நாதஸ்வரம் கேட்கிறது.

"காபி ஆறிப்போச்சுன்னு சண்டை அது," என்றாள் அம்மா. "பாரு, எவ்வளவு மங்களமா திட்டறா!"

கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த தன் குரலையும் அப்பா அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தார். எந்த டிஸ்க்கிலும் அவர் இல்லை.

கம்ப்யூட்டரில் அவருடைய புராஜெக்ட் ஃபைல்கள் இருந்தன. அவற்றில் மேளம் தனி வரிசை, படத்தின் சொந்த ஒலி தனி வரிசை. மேளத்தை எடுத்துவிட்டு, அணைத்த ஒலியைத் திறந்தால் போதும். நம்பிக்கையோடு திறந்தேன். எல்லாத் துண்டுகளிலும் சிவப்புப் பெருக்கல் குறி. புராஜெக்ட் ஃபைலில் படம் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் இருக்கும். டிஸ்க் சரியாக வந்ததும் அடுத்த விசேஷத்துக்கு இடம் வேண்டுமென்று அப்பா மூலப் படத்தை அழித்துவிடுவார். கேமரா கேசட்டிலும் பழையதன் மேலேயே புதியதை எடுப்பார். சிக்கனமான மனிதர்.

"ஒண்ணும் இல்லேம்மா."

அம்மா எழுந்து பால்கனிக்குப் போனாள். புறாவை விரட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இதையும் பாத்துடேன். கெட்டதுன்னு கட்டினதுதான்."

'பாதியில் நின்றது.' 'சத்தம் முன்னே, படம் பின்னே.' அப்பாவின் ஆபீஸ் கையெழுத்து வெயிலில் வெளிறியிருந்தது. ஓரத்தில் தொங்கியதைத் திருப்பினேன்.

'என் குரல் விழுந்துவிட்டது. மறுபடி செய்ய வேண்டும்.'

நூலை அவிழ்க்கக் கை வரவில்லை. அம்மாதான் கத்தரி கொண்டுவந்தாள்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்தேன். டிவிக்கு அடியில் இருந்த பிளேயர் அதை ஏற்கவில்லை. என் லேப்டாப்பும் ஏற்கவில்லை. கடைசியில் அப்பா டிஸ்க் ஏற்றிய அதே பழைய ரைட்டரிலேயே போட்டு, படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகும் ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். பெரும்பகுதியை வெயில் தின்றிருந்தது. ஒரு சிறு துண்டு தேறியது.

என் சீமந்தம். படம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. மேளம் முடிகிறது. அடுத்த துண்டின் ஒலியை அணைக்க அப்பா மறந்திருக்கிறார். ஒரு மயில்கழுத்து நிறப் புடவையின் முதுகு திரையில் பாதியை அடைக்கிறது.

"செத்த தள்ளிக்கோ விசாலம். மறைக்கறாய்."

முதுகு விலகுகிறது. படம் உறைந்துவிடுகிறது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்பவும் இதேதான். குறுக்கே போய் நிப்பேன். சொல்லிண்டே இருப்பார்."

இவ்வளவு படமெடுத்தவரிடமிருந்து எங்களுக்கு மிஞ்சியது இதுதான். அதையும் அவர் பிழை என்று ஒதுக்கியிருந்தார்.

அம்மா தன் பிளேயரில் போட்டுக்கொள்ளப் புது டிஸ்க்கில் ஏற்ற உட்கார்ந்தேன்.

"அந்த இடம் திருப்பித் திருப்பி வராப்பல பண்ணித் தரட்டுமாம்மா?"

"வேண்டாம்டி. ஒரு தடவை சொன்னா போறும். மறுபடியும் சொன்னா நான் நகரலேன்னு ஆயிடும்."

வேகத்தை அடிமட்டத்தில் வைத்தேன். அம்மா சட்னிக்கு அரைக்கத் தேங்காயைத் துருவி வைத்திருந்தாள். டிஸ்க் வெளியே வரும்வரை மிக்ஸியைப் போடவில்லை.