கரண்டியோடு வந்த சரசு அக்கா

எம்.கே.பி. நகரில் ஓர் இட்லிக் கடையின் மாடியில், வடமாநிலங்களுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகும் நான்கு இளைஞர்களுக்கான பயிற்சி வகுப்பை அன்றுதான் தொடங்கியிருந்தேன். முதல் பாடம், ஊருக்குள் விடாமல் எதிர்ப்பவர்களை எப்படிச் சந்திப்பது என்பது. “எவ்வளவு திட்டினாலும் வாய் திறக்காமல் புன்னகை செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைக் கட்டி நானே ஊர்த்தலைவராக நடித்தேன். கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டேன்.

“எங்க ஊர்ல கால வச்சா வெட்டிப்புடுவேன்!”

நெற்றி நிறையக் குங்குமமும் கையில் சட்னிக் கரண்டியுமாகக் கடைக்கார சரசு அக்கா படியேறி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

“சாமி கும்புட்ற புள்ளைங்கள இன்னாத்துக்குய்யா மெரட்டிகினு கீற?”

“அக்கா, நான் வாத்தியாருக்கா! இது நடிப்பு! வேணும்னா அவங்களக் கேளுங்க!”

அக்கா திரும்பிப் பார்த்தார். நான்கு பேரும் வாய் திறக்காமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

“பாடம் முடிஞ்சுதுடா, பேசித் தொலைங்க!” என்று நான் அலறிய பிறகுதான் சட்டை விடுபட்டது. விழுந்து விழுந்து சிரித்த அக்கா, எல்லோருக்கும் இட்லி கொடுத்தார். என் பங்குச் சட்னி ஏற்கெனவே சட்டையில் இருந்தது.

நான் தயாரித்த பாடம் முழுக்க விரட்டுகிறவர்கள்தான். நமக்காக ஓடிவருகிறவர் ஒருவர்கூட அதில் இல்லை. இப்போதெல்லாம் பிள்ளைகளை ரயிலேற்றும்போது சொல்லியனுப்புகிறேன்:

“அங்கயும் ஒரு சரசு அக்கா இருப்பாங்க. மொதல்ல அவங்க கடையில போய்ச் சாப்பிடுங்க.”